சொந்தக் கடை மாத்திரை

"ஐயோ... கிட்ட கொண்டு வராதே!"

மருந்துக் கடை முதலாளி போட்ட அலறலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

முந்தின நாள் கடைக் குடோனில் யாரோ பின்னாலிருந்து அவர் மண்டையில் ஒரு போடு போட்டிருந்தார்கள். மூளை லேசாக அதிர்ந்திருக்கிறது, படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உடம்பு படுத்தது. வாய் படுக்கவில்லை. மனைவி மண்டு, கடை ஆட்கள் தண்டச்சோறு... வாக்குமூலம் வாங்க வந்து கட்டிலருகே உட்கார்ந்திருக்கும் இன்ஸ்பெக்டர் சுத்த உதவாக்கரை!

இப்போது அந்த 'மண்டு' தம்ளர் தண்ணீரும் மாத்திரையுமாக நின்றாள்.

"தலைவலிக்கு டாக்டர் எழுதினதுங்க."

"எங்கடி வாங்கினே?"

"நம்ம கடையிலதான். பின்னே, காசு கொடுத்து வெளியிலயா வாங்குவாங்க?"

முதலாளிக்குத் தலை விண் விண்ணென்று தெறித்தது. ஆனாலும் வாயை இறுக மூடிக்கொண்டார்!

"முழுங்குங்க சார்," என்றார் இன்ஸ்பெக்டர். "ஊருக்கே மருந்து விக்கிற நீங்களே பயந்தா எப்படி?"

"யோவ், உனக்கென்ன தெரியும்? ஏற்கெனவே மூளை கலங்கிக் கிடக்கு. இதைப் போட்டா நேரா சங்குதான்!"

"ஏன்... நல்ல மாத்திரைதானே?"

"நல்ல மாத்திரையா? காலாவதியானதுக்குத் தேதியை அழிச்சுப் புதுசா அடிச்சிருக்கேன்! மிச்சமெல்லாம் வெறும் மாவு. என்ன மாவுன்னு எனக்கே தெரியாது! கண்டவனுக்கு விக்கிற சரக்குய்யா அது... நான் சாப்பிடறதுக்கா?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்தார். ரெக்கார்டிங்கை நிறுத்தினார்.

"உங்களை அடிச்சவன் காலையிலேயே சரண்டர் ஆயிட்டான். உங்க மருந்தைக் குடிச்சுத்தான் அவன் குழந்தை போச்சுன்னு கதறினான். ஆதாரமில்லாம முழிச்சேன்... உங்க வீட்டம்மாதான் வழி சொன்னாங்க!"

"நீயாடி!"

"எங்கண்ணன் செத்தப்ப 'ஆயுசு அவ்வளவுதான்'னு சொன்னீங்களே... அவர் முழுங்கினதும் நம்ம கடை மாத்திரைதானே?" அவள் கையிலிருந்த மாத்திரையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இது எதிர்க் கடையில வாங்கினது. அசல் சரக்கு!"

முதலாளி தலையைப் பிடித்துக்கொண்டார்.

"சார்... மண்டை பிளக்குது சார்! ஜெயில்ல போட்டா செத்துடுவேன்!"

"அங்கேயும் டாக்டர் இருக்காரு. வேளாவேளைக்கு மாத்திரை கொடுப்பாங்க."

மனைவி முதல் தடவையாகச் சிரித்தாள்.

"தைரியமா முழுங்குங்க... ஜெயிலுக்கு மருந்து சப்ளை பண்ற கான்ட்ராக்டைப் போன மாசம் பிடிச்சதே நீங்கதானே!"