இருபத்தொன்பது பாகை

கணினிச் செயலியின் வெப்பநிலை இருபத்தொன்பது பாகை என்று திரை காட்டியது. சுவரில் தொங்கிய வெப்பமானி முப்பத்து நான்கு என்றது.

துஷாந்தன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். கணினிக்குள் இருக்கும் விசிறி குளிரை உண்டாக்குவதில்லை. செயலியின் சூட்டை எடுத்துக் காற்றிடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். ஆகவே செயலி ஒருநாளும் தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிராக இருக்க முடியாது. சோளகக் காற்று உப்பு மணலை வாரியடிக்கும் மன்னாரின் இந்த மத்தியானத்தில் எழுபது காட்டினாலே நல்ல செய்தி. இருபத்தொன்பது என்றால் ஏதோ பொய் சொல்கிறது.

செயலியின் வேகத்தை அவன் கண்மூடித்தனமாகக் கூட்டியவனல்ல. நேற்று முழுவதும் ஒவ்வொரு படியாக ஏற்றினான். ஒரு படிக்கு நூறு மெகாஹேட்ஸ். மின்னழுத்தத்தைக் கணினியின் விருப்பத்துக்கு விடாமல் தானே ஓர் அளவில் கட்டிவைத்தான். ஒவ்வொரு படிக்கும் அரை மணி நேரம் கடினமான கணக்குகளைக் கொடுத்து, விடை பிழைக்கிறதா, சூடு எண்பதைத் தாண்டுகிறதா என்று பார்த்தான். அவசரம் அப்படி. கொழும்பு நிறுவனம் ஒன்றுக்கான முப்பரிமாணக் காணொளி இன்று போய்ச் சேராவிட்டால் ஒப்பந்தம் கைமாறிவிடும். வழமையான வேகத்தில் வேலை நாலரைக்கு முடியும். ஆனால் மூன்று மணிக்குக் மின்கம்பி திருத்தக் கரண்ட்டை நிறுத்துவார்கள். யூபிஎஸ் பற்றரி செத்து இரண்டு மாதம்.

நேற்று எழுபத்தெட்டு காட்டிய அதே செயலி.

இன்று காலை அவன் செய்தது இரண்டு வேலை. விசிறியில் பிசினாக அப்பியிருந்த புகைக்கரியைத் துடைத்தான். அந்தப் புகை வந்த விளக்கை ஊதி நூர்த்தான்.

பக்கத்து அறையில் மாமனார் ஏரம்பு இறந்து இன்று பத்தொன்பதாம் நாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை, உயிர் பிரிந்த கட்டிலின் தலைமாட்டில் எண்ணெய் விளக்கு எரிந்துகொண்டே இருக்கவேண்டும். அந்த இடத்தில் துஷாந்தன் சின்ன எல்ஈடி விளக்கொன்றை வைத்தான்.

"பற்றரி லைற்றிலயோ அப்பா போய்ச் சேரப்போறார்?" என்று மனைவி நிவேதிகா கதவடியில் நின்று கேட்டாள்.

"வெளிச்சம்தானே நிவே வேணும்? இது காத்துக்கும் நூராது. தொட்டுப் பார், சுடவும் மாட்டுது. மூண்டு வாட்தான்."

"உங்கட கொம்பியூட்டருக்குப் புகை ஒத்துவராதெண்டு செத்த மனுசன்ர விளக்கையும் மாத்தப் பாக்கிறியள்."

அவள் தொட்டுப் பார்க்கவில்லை. கதவைச் சாத்தி, வழமைபோலக் கணினி அறைப் பக்கமாக அதன் முன்னால் பாயைப் போட்டுப் படுத்துவிட்டாள்.

துஷாந்தன் மன்னார்க் கடைத்தெருவில் கணினிச் சாமான் விற்கும் றொசாந்தனுக்குப் போன் எடுத்தான்.

"நீ தந்த கூலர் விசிறி என்ன சாமான்டா? இருபத்தொன்பது காட்டுது."

"பகிடி விடாதை மச்சான். மன்னாரிலயோ இருக்கிறாய், நுவரெலியாவிலயோ?"

"உண்மையாத்தான்."

"அப்ப சென்சர் பிழை. பின்பக்கம் கையை வைச்சுப் பார். சூடு எங்கயாவது போகத்தானே வேணும்."

துஷாந்தன் பெட்டியின் பின்னால் கையை நீட்டினான். விசிறி சுழன்றது, காற்று வந்தது. ஐஸ்பெட்டி மூடியைத் திறந்ததுபோன்ற காற்று. அதில் ஈரமணலின் வாடை, அதற்கடியில் நோவெண்ணெய் வாடை. ஏரம்பு கடைசி மாதங்களில் மூட்டு வலிக்குப் பூசிய நோவெண்ணெய். "எலும்புக்குள்ள குளிருது மருமோன்" என்று கதிரையை இழுத்துப்போட்டு, இதே பெட்டியின் பின்னால் இருந்து குளிர்காய்வார். முதலில் உள்ளங்கையைக் காட்டுவார். பிறகு திருப்பிப் புறங்கை. "உங்கட பெட்டி அடுப்பைவிடத் திறம்."

சென்சர் பொய் சொல்லவில்லை. அப்படியென்றால் சூடு?

செயலி நூற்றுப்பத்து வாட் மின்சாரத்தைத் தின்றுகொண்டிருந்தது. தின்ற அவ்வளவும் வெப்பமாக வெளியே வந்தாகவேண்டும். அது காணாமற்போக வழியில்லை. சும்மா படுத்திருக்கும் மனித உடம்பும் ஏறத்தாழ நூறு வாட்தான் விடும். நேற்று இதைச் சொல்லி, "பெட்டிக்குள்ள ஒரு ஆள் படுத்திருக்கிற மாதிரி" என்று அவன் சிரித்தபோது, "செத்த வீட்டில கதைக்கிற கதையோ இது" என்று நிவேதிகா ஏசினாள்.

பெட்டிக்குப் பின்னால் சுவர். சுவருக்கு அப்பால் அந்தக் கட்டில்.

சுவரைத் தடவினான். சில்லென்றிருந்தது, இரண்டு இடங்களைத் தவிர. அந்த இரண்டும் உள்ளங்கை அளவு. கதிரையில் இருப்பவரின் நெஞ்சு உயரத்தில், அருகருகே, இளஞ்சூடாக.

அப்பால் கட்டில் கிறீச்சிட்டது. காற்றாக இருக்கலாம். அந்த அறையின் யன்னல் பூட்டியிருந்தது.

திரையில் வேலை தொண்ணூற்றெட்டு வீதம். தொண்ணூற்றொன்பது.

இரண்டு ஐம்பத்திரண்டுக்கு வேலை முடிந்தது. காணொளியை அனுப்பினான். போய்ச் சேர்ந்தது என்ற பதிலும் வந்தது. அவன் மூச்சு விட்டான்.

செயலியும் ஓய்ந்தது. வேலையில்லாத செயலி வேகத்தைத் தானாகவே குறைத்துக்கொள்ளும். நூற்றுப்பத்து வாட், பத்து வாட்டானது.

திரையில் பாகை இறங்கியது. இருபத்து நான்கு. பதினேழு. ஒன்பது.

சுவரில் அந்த இரண்டு இடங்களும் ஆறிப்போயிருந்தன.

அவன் திரும்பினான். நிவேதிகா மூடிய கதவுக்கு முதுகு காட்டி நித்திரையாக இருந்தாள். கதவின் கீழ்விளிம்பில் எல்ஈடி வெளிச்சம் கோடாக விழுந்தது. கோட்டின் நடுவில் இரண்டு இருட்டுத் துண்டுகள்.

பாதங்கள்.

சூடு வேண்டும். அதற்குச் சூடு கொடுக்கவேண்டும். அவன் நேற்றைய சோதனைக் கணக்கைத் திறந்து ஓடவிட்டான். நூறு வாட். நூற்றுப்பத்து. கதவடியில் இருட்டு மெல்ல விலகியது. வெளிச்சக்கோடு முழுதானது. சுவருக்கு அப்பால் கதிரை ஒன்று இழுபடும் சத்தம். பெட்டியின் பக்கமாக.

"நிவே. எழும்பு. நிவே!"

அவள் அசைந்தாள். எழும்பவில்லை.

மூன்று மணி.

திரை கறுத்தது. விசிறி தேய்ந்து நின்றது. சோளகம்கூட ஓய்ந்தாற்போல் இருந்தது.

பற்றரி விளக்கு மட்டும் அந்தப் பக்கம் எரிந்தது. கதவு சத்தமின்றி ஒரு சாண் திறந்தது. நோவெண்ணெய் வாடை.



"இஞ்சருங்கோ," என்றாள் நிவேதிகா, கண் திறக்காமல். "கையை எடுங்கோ. குளிருது."

அவன் ஆறடி தள்ளி நின்றான்.

முப்பத்து நான்கு பாகை வெக்கையில் அவள் மூச்சு வெண்புகையாக வந்தது. முதுகில் சட்டைத் துணி பத்து இடங்களில் குழிந்திருந்தது. பத்து விரல்கள், அகல விரித்தபடி. பார்த்துக்கொண்டிருக்கையிலேயே குழிகள் மறைந்தன. துணி ஒருகணம் தட்டையாகியது.

பிறகு மீண்டும் அழுந்தியது. இம்முறை விரல் கணுக்கள். புறங்கை.