லாசர் வீட்டு நட்சத்திரம்

ஓ.டி. முடித்து, சேரப்பணஞ்சேரியில் கம்பெனி பஸ்ஸிலிருந்து லாசர் இறங்கியபோது மணி ஆறரை. டிசம்பர் தூறல். நிமிர்ந்து பார்த்தான். அவன் குடியிருக்கும் மூன்றாம் மாடிக்கு மேலே, மொட்டை மாடிக் கம்பத்தில், கிறிஸ்துமஸ் நட்சத்திரம் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

ஊரெல்லாம் தொங்குகிற நட்சத்திரம்தான். ஆனால் லாசர் தெற்கத்திக் கடற்கரைக்காரன். அவன் ஊருக்கு எதிரே ஒரு மணல்திட்டு. அதில் நாலைந்து பழைய கப்பல்கள் சிதைந்து கிடக்கின்றன. நீர் வற்றும் நாளில் விலாக்கட்டைகள் வெளியே தெரியும். அவற்றில் ஒன்றைக் கவிழ்த்தது அவன் பூட்டன். அரிசி மூட்டைக்கு ஆசைப்பட்டு, புயல் வீசிய மாலையில் மணல்மேட்டு உச்சியில் விளக்கேற்றிக் காட்டினான். கப்பலில் இருந்தவர்கள், பெண்டு பிள்ளைகளோடு, துறைமுகம் என்று நம்பி வந்தார்கள். ஒருவரும் கரையேறவில்லை. அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் யாரும் உயரத்தில் விளக்கு வைப்பதில்லை. இந்த அசிங்கத்தை மனைவியிடம் எந்த வாயால் சொல்வது? வருடா வருடம் ஏதோ சாக்குச் சொல்லித் தப்பித்து வந்தான்.

படியெல்லாம் ஈரம். காலில் மணல் நெருடியது. உப்பு வாடை அடித்தது.

வாசலில் சில்வியா நின்றிருந்தாள்.

"புள்ள அழுதுச்சுங்க, அதான் கட்னேன்," என்று கிசுகிசுத்தாள். "லைட்டு போட்டதுலருந்து யாரோ மாடிலருந்து எறங்கிகினே கீறாங்க. தொறந்து பாத்தா ஒருத்தரும் இல்ல."

"ஏட்டி, கிளாரா எங்க?"

"கட்டில்ல தூங்குது."

லாசர் மேலே ஓடினான். மொட்டை மாடி முழுக்க ஈர மணல் ஒட்டிய காலடிகள். கைப்பிடிச் சுவரில் தொடங்கிப் படிக்கட்டுக்குள் இறங்கின.

திரும்பிப் போன தடம் ஒன்றுகூட இல்லை.

வயரைப் பிடுங்கினான். நட்சத்திரம் அணைந்தது. அப்பாடா, இனி பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று அந்த முட்டாள் மனம் நம்பியது.

பிடுங்கிய வேகத்தில் வீட்டிலும் கரண்ட் போயிருந்தது. தட்டுத் தடுமாறி இறங்கி வந்தான். இருட்டில் சில்வியா கட்டிலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"புள்ள இல்லீங்க."

"கிளாரா!"

"அப்பா, லைட்ட ஏம்பா அணைச்ச?" நான்கு வயதுக் குரல் தெளிவாகக் கேட்டது. "இந்த அம்மாவோட பாப்பா இன்னும் வந்து சேரல. அது வர்ற வரைக்கும் என்ன தூக்கி வெச்சிக்கிறாங்களாம்."

குரல் வந்த பக்கம் பாய்ந்தான். ஜன்னல் கம்பியில் நெஞ்சு மோதியது.

குரல் கம்பிக்கு வெளியே, தூறலில் இருந்தது.

போலீஸ் பக்கத்து ஏரியைச் சலித்துத் தேடியது. ஒன்றும் கிடைக்கவில்லை. ஈஸ்டர் போய் ஆடியும் வந்துவிட்டது. அன்றிரவே அவன் வயரை மறுபடி செருகியதிலிருந்து லாசர் வீட்டு நட்சத்திரம் அணையவே இல்லை. பார்ப்பவர்கள் பைத்தியம் என்கிறார்கள். அந்தப் பாப்பா வந்துவிட்டால் தன் பிள்ளையை இறக்கி விடுவார்கள் என்று அவன் காத்திருக்கிறான்.

இன்று விடியலில் சில்வியா படியைக் கூட்டப் போனாள். பெரிய தடங்களுக்கு நடுவே, தவழ்ந்து வந்த இரண்டு சின்னக் கைகளின் ஈரம். வாசல் தாண்டி உள்ளே போயிருந்தது.

இருவரும் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு கிளாராவைக் கூப்பிட்டார்கள். தொண்டை கட்டும்வரை கூப்பிட்டார்கள்.

வெளியே பதில் இல்லை. கட்டிலுக்கு அடியில் கைக்குழந்தை ஒன்று பசித்து அழத் தொடங்கியது.