பெட்டிக்குள் இருந்த சூடு

"ஒரு மணி நேரம்! அதுக்குள்ள பெட்டி மேல வரணும்!" கேப்டன் புருஷோத்தமனின் குரல் கப்பல் முழுதும் கேட்டது.

தென் சீனக் கடலில் அன்று காலை காற்றே இல்லை. ஆனாலும் எங்கிருந்தோ பெரிய பெரிய அலைகள் வந்து கப்பலைத் தூக்கித் தூக்கி இறக்கின. கிழக்கே உருவான புயல் நாளை விடியலில் இங்கே வந்துவிடும். வானத்தில் ஒரு பறவைகூட இல்லை.

பெட்டியில் பொன்னும் மணியும் இல்லை. மஞ்சள் மிதவை ஒன்றின் அடியில், பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில், தனக்குக் கீழே நீளமாகத் தொங்கும் உணரிகள் வழியே கடலின் சூட்டைப் பதினான்கு மாதங்களாகப் பதிவு செய்துகொண்டிருந்த பெட்டி அது. கிழக்காசியாவில் பருவமழை ஓராண்டு ஊரையே மூழ்கடிக்கிறது, மறு ஆண்டு பொய்த்துப்போகிறது. அதற்குக் கடல் என்ன செய்கிறது என்று தேடும் விஞ்ஞானி பௌசியாவுக்கு அதுதான் புதையல். மிதவையின் ஆன்டெனா உடைந்துபோனதால் நேரில் வந்துதான் எடுக்க வேண்டியிருந்தது.

முக்குளிப்பவன் லசாரு, தூத்துக்குடிக்காரன், முகமூடியை மாட்டினான்.

"ஆழம் தெரியாம காலை விடாதேடா!" என்று கேப்டன் சிரித்தார்.

"அந்தக் கவலை ஒங்களுக்கு வேண்டாம் சார்!"

குதித்தான். மிதவைக் கயிற்றில் கிழிந்த வலை ஒன்று சுற்றிக் கிடந்தது. அவன் பெட்டியைப் பிடித்து இழுத்தபோது வலை அவன் காலைப் பிடித்து இழுத்தது! கத்தியை எடுத்து அறுத்தான். மூச்சு முட்ட மேலே வந்தவன் கையில் பெட்டி இருந்தது. முகத்தில் சிரிப்பு இல்லை.

"மேல தண்ணி ஜில்லுனு இருக்கு மேடம். நாலு பாகம், ஏழு மீட்டர் எறங்குனா வெந்நிப் பானைக்குள்ள போன மாதிரி இருக்கு! நா இப்படிப் பாத்ததே இல்ல."

"மூணு நாளா மழை. கடல் குளிர்ந்துடுச்சுன்னு செயற்கைக்கோளே சொல்லுது," என்றார் கேப்டன். "குளிர்ந்த கடல்ல புயலுக்குச் சோறு கிடைக்காது, தானா படுத்துடும். அதோ தெரியுதே, அந்த மணல் தீவுக்குப் பின்னாடி நங்கூரம் போட்டுட்டு நிம்மதியா இருக்கலாம்."

பௌசியா பெட்டியைக் கணினியில் இணைத்தாள். எண்கள் ஓடின.

"சார், செயற்கைக்கோள் பாக்கறது மேல்தோலை மட்டும்தான்! மழைத்தண்ணி மூடி மாதிரி மேல நிக்குது. கீழ அறுபது மீட்டர் வரைக்கும் முப்பது டிகிரி. புயல் வந்து கடலைக் கலக்கினா, குளிர் வராது, சூடுதான் மேல வரும். எரியற தீயில எண்ணெய் ஊத்தின மாதிரி! இங்க நின்னா பன்னிரண்டு பேரும் போயிடுவோம்."

கேப்டன் திரையைப் பார்த்தார். பிறகு லசாருவைப் பார்த்தார். கிழக்கு அடிவானம் செம்பு நிறமாக மாறிக்கொண்டிருந்தது.

"நங்கூரத்தைத் தொடாதீங்க! தெற்கே திருப்பு! முழு வேகம்!"

பௌசியா அந்த எண்களை எல்லாக் கரைகளுக்கும் அனுப்பினாள். பதினெட்டு மணி நேரம் கப்பல் ஓடியது. பின்னால் வானம் கறுத்துக்கொண்டே வந்தது. யாரும் சாப்பிடவில்லை. ஆனால் புயல் அவர்களைத் தொடவில்லை.

இரண்டாம் நாள் துறைமுகத்தில் பன்னிரண்டு பேரும் கரையில் குதித்துக் கூச்சலிட்டார்கள். எச்சரிக்கை கேட்டுப் பல படகுகள் முன்பே கரையேறியிருந்தன. பௌசியா பெட்டியைக் கையைவிட்டு இறக்கவில்லை.

மாலையில் ஒரு செயற்கைக்கோள் படம் வந்தது. அந்த மணல் தீவு இருந்த இடத்தில் வெறும் அலைதான் இருந்தது.

கேப்டன் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு லசாருவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆழம் தெரியாம காலை விடப் பாத்தவன் நான்தான்டா."