இறங்காத கை

"ஆ...!"

பின்னால் அந்த அலறல் கேட்டபோது குடை திரும்பிப் பார்க்கவில்லை.

பார்க்கத் தேவையில்லை. என்ன நடந்திருக்கும் என்று அவனுக்குத் தெரியும்!

மலைச்சரிவு. மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகம். சைக்கிள் ஒரு பக்கம், கேப்டன் ஒரு பக்கம்...

சைக்கிள் பந்தய டீமில் அவனுக்குக் 'குடை' என்று பெயர். எதிர்க்காற்றை நெஞ்சில் வாங்கிக்கொண்டு முன்னால் போவான். அவன் முதுகுக்குப் பின்னால் நோகாமல் வந்து, கடைசி நூறு மீட்டரில் பாய்ந்து கோப்பையை வாங்குவார் கேப்டன். எட்டு வருடமாக இதுதான் ஏற்பாடு.

இன்னொரு வேலையும் உண்டு. பின்னால் வருகிறவருக்குச் சாலை சரியாகத் தெரியாது. பள்ளம் வந்தால், முன்னால் போகிறவன் கையைக் கீழே இறக்கிக் காட்ட வேண்டும்.

இன்று ஒரு பள்ளத்துக்கு அந்தக் கை இறங்கவில்லை!

ஆஸ்பத்திரி வராந்தாவில் கேப்டனின் மனைவி ஓடி வந்து அதே கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ கூட இருந்தும் இப்படி ஆயிடுச்சே தம்பி! இடுப்பெலும்பு முறிஞ்சிருக்காம்... இனிமே சைக்கிள்ல ஏறவே முடியாதாம்!"

"அண்ணி... நான்..."

"முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கு. ஏதாவது சாப்பிட்டியா?"

அவனுக்குக் கையை உருவிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"நீங்கதான் குடையா?"

லேப்டாப்பும் கையுமாக நின்றாள் பெண் இன்ஸ்பெக்டர்.

"கண் முழிச்சதும் உங்க கேப்டன் முதல்ல கேட்டது தண்ணி. ரெண்டாவது, உங்க மேல கொலை முயற்சிக் கேஸ். உள்ள வாங்க."

அண்ணியும் திகைத்துப் போய்ப் பின்னாலேயே வந்தாள்.

கட்டிலில் கட்டுகளோடு கிடந்த கேப்டன் கத்தினார்.

"இவன்தான் மேடம்! வேணும்னே கையைக் காட்டல! கூட இருந்தே குழி பறிச்சுட்டான்!"

"குழி ஏற்கெனவே இருந்தது சார். இவர் காட்டலைங்கறதுதான் கேஸ்." அவள் குடையிடம் திரும்பினாள். "டி.வி. கேமரா எடுத்த படத்தைப் பார்த்தேன். சரிவுல பதினோரு பள்ளம். பத்துக்கு உங்க கை இறங்குது. கடைசிப் பள்ளத்துக்கு இறங்கல. மறந்துட்டீங்களா?"

'ஆமாம்' என்றால் போதும். தப்பித்துவிடலாம்!

"மறக்கல மேடம். பார்த்தேன். பார்த்துட்டுத்தான் இறக்கல."

"தம்பீ...!" அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"காலையில மேனேஜர் சொன்னார். அடுத்த வருஷம் டீம்ல எனக்கு இடமில்லையாம். அண்ணன்தான் வேணாம்னு சொன்னாராம். எட்டு வருஷம் மேடம்! ஒரே ஒரு செகண்ட்... 'விழட்டுமே'ன்னு தோணிடுச்சு. என்னை அரெஸ்ட் பண்ணிக்குங்க."

"கேட்டீங்களா! அவன் வாயாலயே ஒத்துக்கிட்டான்!" என்றார் கேப்டன்.

"படத்தை ஒரு தடவை பார்த்து, இது நீங்கதான்னு சொல்லிடுங்க."

லேப்டாப் திரையில் அவன் முதுகு, பின்னால் கேப்டன். வலது கை. அந்தப் பள்ளம்.

இறங்காத கையையே பார்த்துக்கொண்டிருந்தவன் சட்டென்று நிமிர்ந்தான்.

"கொஞ்சம் பின்னால போங்க மேடம்... நிறுத்துங்க! அண்ணன் காலைப் பாருங்க!"

"காலுக்கு என்ன?"

"எங்க ஷூ பெடலோட பூட்டிக்கும். குதிகாலை வெளிப்பக்கம் திருகினாத்தான் விடும். இவ்வளவு வேகத்துல யாரும் திருக மாட்டாங்க. அண்ணன் பள்ளம் வர்றதுக்கு முன்னாடியே திருகிட்டார்!"

"அப்படின்னா?"

"விழப்போறோம்னு தெரிஞ்சவன்தான் காலை விடுவிப்பான் மேடம்!"

அவன் கட்டில் பக்கம் திரும்பினான்.

"அண்ணே... நேத்து கார்ல போய் ரெண்டு பேரும் பார்த்த பள்ளம்தானே அது? தெரிஞ்சே ஏன்ணே அதுல சைக்கிளை விட்டீங்க?"

கேப்டன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அவன் கேக்குறான்ல? சொல்லுங்க!" அண்ணியின் குரல் கிறீச்சிட்டது. "நீங்க நடப்பீங்களான்னே தெரியாம நிக்கிறேன் நான்!"

கேப்டன் உடைந்தார்.

"காலையில ஊசி போட்டுக்கிட்டேன்... இன்னிக்குச் சோதனை இருக்காதுன்னு நெனச்சேன். பாதி வழியில, காதுல மாட்டியிருந்த ரேடியோவுல மேனேஜர் சொல்றார், ஊக்கமருந்து சோதனைக்காரங்க வந்து நிக்கிறாங்கன்னு! ஜெயிச்சா சிறுநீர் குடுத்தாகணும். சும்மா நின்னா சந்தேகப்படுவாங்க. லேசா விழுந்து, சிராய்ப்போட தப்பிச்சுடலாம்னு..."

"பழியை இவர் தலையில கட்டிட்டு?"

"அவன் கையைக் காட்டாதது வசதியாப் போச்சு..."

இன்ஸ்பெக்டர் லேப்டாப்பை மூடினாள்.

"நீங்க போகலாம், குடை. நீங்க கை காட்டியிருந்தாலும் இவர் விழுந்திருப்பார்."

அவன் நகரவில்லை.

"அது எனக்கு அப்போ தெரியாதே மேடம்!"

அண்ணி இப்போது அவன் கையைப் பிடிக்கவில்லை.

கட்டிலில் இருந்து மெல்லிய சிரிப்பு வந்தது.

"சரி மேடம், வலியில ஏதோ உளறிட்டேன். நான்தான் எங்கயும் சாம்பிளே குடுக்கலையே... எதை வெச்சு நிரூபிப்பீங்க?"

கதவு திறந்தது. நர்ஸ்!

"மேடம், விபத்துக் கேஸ்னால இவர் மயக்கத்துல இருந்தப்பவே ரத்தம் எடுத்து அனுப்பிட்டோம். ரிப்போர்ட் வந்தாச்சு. ஏதோ ஊக்கமருந்து கலந்திருக்காம்!"

இன்ஸ்பெக்டர் காகிதத்தை வாங்கிப் படித்தாள். கேப்டனைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"அங்க ஒரு சின்ன பாட்டிலோட முடிஞ்சிருக்கும் சார்... அதுக்குப் போய் இடுப்பையும் உடைச்சுக்கிட்டு, ரத்தத்தையும் தானம் பண்ணிட்டீங்களே!"