பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவள்

மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு மதியத்தில், நமாரா தன் தகரப்பெட்டியை இழுத்துக்கொண்டு மாணவியர் விடுதியின் பழைய கட்டடத்துக்கு வந்து சேர்ந்தாள். மருத்துவப் படிப்பில் மூன்றாம் ஆண்டுத் தேர்வில் தவறியிருந்தாள். கூடப் படித்தவர்கள் மேல்வகுப்புக்குப் போய்ப் புதுக் கட்டடத்தில் குடியேறிவிட்டார்கள். அவளுக்கு மிஞ்சியது, நடையின் கோடியில் இருந்த இந்த அறைதான்.

“ரெண்டு கட்டில் இருக்கு. அந்தச் சுவரோரக் கட்டில்ல எதையும் போட்டு வைக்காதே,” என்றார் வார்டன் பிருங்கி.

“இன்னொரு பொண்ணு வருவாளா மேடம்?”

“வரமாட்டா.” சாவியைக் கையில் திணித்துவிட்டு நடந்தார்.

அறையெங்கும் ஈரப் பஞ்சின் வாடை. அவள் புரண்டு படுக்கும்போதெல்லாம் அந்த வெறுங்கட்டிலும் கிறீச்சிட்டது.

கபாலே என்ற மலைப்பக்கத்தில் இருந்த அவளுடைய ஊரே அவளை ‘டாக்டர்’ என்றுதான் கூப்பிடும். அதனால் தோற்றதை அவள் வீட்டில் சொல்லவே இல்லை. அம்மா போன் செய்தால், “நல்லா படிக்கிறேம்மா” என்பாள். மருத்துவமனை வார்டிலோ, பெரிய டாக்டர் எல்லார் முன்னாலும், “போன வருஷமும் இப்படித்தானே முழிச்சே?” என்பார். இப்போது கூடப் படிக்கும் இளையவர்கள் சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள்.

ஒருநாள், அவள் கவனித்துவந்த குழந்தை மலேரியாவில் இறந்துபோனது. முகத்தைத் துணியால் மூடிவிட்டு எல்லாரும் அடுத்த படுக்கைக்கு நகர்ந்தார்கள். அவளும் நகர்ந்தாள். மதியம் அறைக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் விழுந்தாள்.

பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

வெள்ளைக் கோட்டு போட்ட முதுகு. மூச்சுக்கு அது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

“களைச்சுப்போயிட்டியா?” என்றது ஒரு கிசுகிசுப்பு. “படுத்துக்கோ. யாரும் தேடமாட்டாங்க.”

நமாராவுக்குப் பயம் வரவில்லை. அதுதான் பயங்கரம். தன்னிடம் ஒருத்தி பேசிவிட்டாளே என்று நெஞ்சு இளகியது.

அதன்பின் வகுப்புக்குப் போவது நின்றது. பிறகு குளியல். பிறகு சோறு. ஜன்னல் திரையை அவள் விலக்குவதே இல்லை. கட்டில்களுக்கு நடுவில் இருந்த இடைவெளி நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது.

யாரும் அவற்றை நகர்த்தவில்லை.

ஒரு காலையில் கதவு தட்டும் சத்தம். பழைய வகுப்புத் தோழி ஜோவியா.

“ஏய் நமாரா! முட்டை சுருட்டின சப்பாத்தி வாங்கிட்டு வந்திருக்கேன். திறக்கலன்னா நானே தின்னுடுவேன், அப்புறம் அழக்கூடாது!”

சில்லென்ற விரல்கள் நமாராவின் மணிக்கட்டைப் பற்றின.

“திறக்காதே. இரக்கப்பட்டுத்தான் வந்திருக்கா.”

எழுந்திருக்க உடம்பு வரவில்லை. கதவு மறுபடி தட்டப்பட்டது. இப்போது ஜோவியாவின் குரலில் விளையாட்டு இல்லை. “நமாரா... உள்ளே இருக்கேல்ல? ஏதாவது பேசுடி.”

நமாரா பக்கத்துக் கட்டிலைப் பார்த்து, வறண்ட உதட்டால் மெல்லக் கேட்டாள். “உனக்காக யாராவது இப்படி வந்து கதவைத் தட்டினாங்களா?”

மணிக்கட்டைப் பற்றிய பிடி ஒருமுறை இறுகியது.

“இல்ல.”

விரல்கள் தளர்ந்தன.

நமாரா தவழ்ந்துபோய்த் தாழை விலக்கினாள். “ஜோவியா, எனக்கு உயிரோட இருக்கணும்னே தோணல.”

சப்பாத்திப் பொட்டலம் கீழே விழுந்தது. ஜோவியா அவளை இறுகக் கட்டிக்கொண்டாள். “நல்லவேளை, சொன்னியே. வா, மனநல டாக்டர் அச்சிரோகிட்ட போவோம். நான் பக்கத்துலயே இருக்கேன்.”

மருந்தும் பேச்சுமாகப் பல வாரங்கள் ஆயின. ஒரு நாள் நமாரா தானே அம்மாவை அழைத்து, தோற்றதைச் சொல்லி அழுதாள். “படிப்பு கிடக்குது. நீ சாப்பிட்டியா?” என்று கேட்டாள் அம்மா.

ஜோவியாவின் அறையிலேயே தங்கிக்கொள்ள அனுமதி கிடைத்ததும், மிச்சத் துணிமணிகளை எடுக்க இருவரும் வார்டனோடு பழைய அறைக்குப் போனார்கள். நல்ல வெயில். சுவரோரக் கட்டில் வெறுமையாக இருந்தது. வார்டன் கதவை இழுத்து மூடிப் பூட்டினார்.

நடையின் பாதியைக் கடந்திருப்பார்கள்.

டொக். டொக்.

தொந்தரவு செய்யக் கூசுகிறவளைப் போல, உள்ளிருந்து யாரோ தட்டினார்கள்.

“யாருடி அது?” ஜோவியா பாதி அடியில் நின்றுவிட்டாள். வார்டன் திரும்பிப் பாராமல் நடையை எட்டிப் போட்டார்.

நமாரா மட்டும் திரும்பிப் போனாள். பூட்டிய கதவில் உள்ளங்கையை வைத்தாள்.

“உன் பேர் என்ன?”

தட்டுவது நின்றது.

உள்ளே யாரோ தேம்பித் தேம்பி அழத் தொடங்கினார்கள்.