வலது கயிறு, இடது கயிறு

மம்பாவு என்ற ஊருக்கு அப்பால் இருக்கும் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழாவுக்கு இரண்டு ரதங்கள் வரும். பெரிய ரதத்தில் அம்மன். அதை டிராக்டர் இழுக்கும். சின்ன ரதத்தில் பிள்ளையார். அதைப் பிள்ளைகள் இழுப்பார்கள்.

சின்ன ரதத்துக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளின் பக்கம் வந்ததும் வலது புறம் திரும்பி, லொங்காங் என்று எல்லாரும் சொல்லும் கால்வாயை எட்டிப் பார்க்கும். போன வருடம் பார்த்ததோடு நிற்காமல் இறங்கியே விட்டது. பிள்ளையாரின் குடை கால்வாயில் மிதந்து போனது.

திருவிழாக் குழுத் தலைவர் தங்கராஜு உடனே கூட்டம் போட்டார். வடை தீரும்வரை ஆலோசனை நடந்தது. சக்கரத்தை மாற்றினார்கள். சாலையைத் திட்டினார்கள். கண் திருஷ்டி என்று எலுமிச்சம்பழம் கட்டினார்கள். கடைசியில் தலைவர் தீர்ப்புச் சொன்னார்: இந்த முறையும் ரதம் கால்வாய்க்குப் போனால், இனி அதையும் டிராக்டரே இழுக்கும். பிள்ளைகள் ஓரமாக நின்று கைதட்டினால் போதும்.

அதைக் கேட்ட லயத்துச் சிறுமி ரோகினிக்குச் சோறு இறங்கவில்லை. பத்து வயது ஆனால்தான் கயிறு தொடலாம் என்பது தோட்டத்து வழக்கம். அவளுக்கு இந்த வருடம்தான் பத்து.

ரதத்துக்குக் கயிறுகளும் இரண்டு. வலது கயிறு, டவுன் பகுதிகளான ராசாவிலிருந்தும் தெமியாங்கிலிருந்தும் காரில் வரும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு. இடது கயிறு, தோட்டத்துப் பிள்ளைகளுக்கு. தங்கராஜு இதற்கு 'மரியாதை' என்று பெயர் வைத்திருந்தார். காரில் வருகிறவர்களின் தாத்தாக்களும் இதே லயத்தில் குடியிருந்தவர்கள்தாம். அதை மட்டும் அவர் மைக்கில் சொல்வதில்லை. மற்ற எல்லாவற்றையும் மைக்கில்தான் சொல்வார். இருமல் வந்தால்கூட முதலில் மைக்கைத்தான் தேடுவார்.

மேளம் முழங்கியது. ரதம் புறப்பட்டது.

இடது கயிற்றின் முன்னால் ரோகினி. அவளுக்குப் பின்னால் அடுத்த வீட்டு யோகேந்திரன். டவுன் பிள்ளைகளுக்குத் தங்கள் பலத்தைக் காட்ட வேண்டும் என்று அவன் காலையிலேயே எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தான். அதனால் தோட்டத்துப் பிள்ளைகள் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார்கள்.

ரோகினி வலது பக்கம் பார்த்தாள். ஒரு பையன் ஒரு கையால் கயிற்றையும் மறு கையால் கைப்பேசியையும் பிடித்திருந்தான். பச்சைப் பட்டுப் பாவாடை கட்டிய பெண், செம்மண் படாமல் பாவாடையைத் தூக்கிக்கொண்டு, கயிற்றைச் சும்மா தொட்டபடி நடந்தாள்.

லயத்து வீடுகள் வந்தன. இடது சக்கரம் முந்தியது. வலது சக்கரம் பின்தங்கியது. ரதம் மெல்லத் திரும்பிக் கால்வாயை நோக்கி நடந்தது.

தங்கராஜு மைக்கில் "கவனம், கவனம்" என்றார். ரதம் மைக்கைக் கேட்கவில்லை. பெரியவர்கள் ஓடி வந்து சக்கரத்துக்குக் கட்டை வைத்தார்கள். கால்வாய்க்கு இன்னும் ஒரு முழம்தான் இருந்தது.

"சன்னாசி, டிராக்டரைக் கொண்டாப்பா," என்றார் தலைவர்.

ரோகினியின் கண் சக்கரங்களை விட்டு நகரவில்லை.

"யோகா, நாமதான்டா காரணம்," என்றாள். "நாம இந்தப் பக்கம் ரொம்ப இழுக்கிறோம். அந்தப் பக்கம் யாருமே இழுக்கல. அதான் திரும்புது."

யோகேந்திரன் கொஞ்சம் யோசித்தான். "அப்போ நமக்கு அவ்ளோ பலமா?" என்று கேட்டான். அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"ஆமாடா. பாதிப் பலத்த அந்தக் கயித்துக்குக் கொண்டு போ."

அவள் கயிற்றை விட்டுவிட்டு நேராக அந்தப் பக்கம் நடந்தாள். தங்கராஜு குறுக்கே வந்தார். அது விருந்தினர் கயிறு என்று நினைவூட்டினார்.

"தெரியும் அங்கிள்," என்றாள் ரோகினி பணிவாக. "ஆனா நீங்க நிக்கிற போட்டோல ரதம் லொங்காங்ல கிடந்தா நல்லாவா இருக்கும்?"

தலைவர் கால்வாயைப் பார்த்தார். புகைப்படம் எடுப்பவரைப் பார்த்தார். தோளில் கிடந்த மாலையைச் சரிசெய்துகொண்டார். பிறகு ஒதுங்கி வழிவிட்டார்.

ரோகினி பச்சைப் பாவாடைப் பெண்ணிடம் பெயர் கேட்டாள். ஒவ்வொரு திருவிழாவிலும் பார்த்த முகம்தான். கேட்டதுதான் இல்லை.

"அபிராமி."

"அபிராமி, நீ அந்தக் கயித்துக்குப் போறியா? நான் இங்க நிக்கிறேன்."

அபிராமி தயங்கினாள். "அங்க எனக்கு யாரையும் தெரியாதே."

"இங்க எனக்கும்தான் யாரையும் தெரியாது," என்றாள் ரோகினி. "போய் யோகாவுக்குப் பின்னால நில்லு. அவன் ரொம்பப் பேசுவான். ஆனா நல்லவன்."

அபிராமி சிரித்துவிட்டாள். பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு இடது கயிற்றுக்குப் போனாள். அவளைப் பார்த்துக் கைப்பேசிப் பையனும் போனான். யோகேந்திரன்தான் அவனுக்கு இரண்டு கையாலும் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தான். தோட்டத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் வலது கயிற்றுக்கு வந்தார்கள்.

கட்டையை எடுத்தார்கள். ரோகினி குரல் கொடுத்தாள். இரண்டு கயிறுகளும் ஒன்றாக இறுகின. ரதம் ஒரு முறை ஆடியது. பிறகு சாலையின் நடுவுக்கு வந்து, சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளைபோல நேராக நடந்தது.

ரதத்தைத் தாங்கிப் பிடிக்க வழக்கம்போலக் கால்வாய் ஓரம் காத்திருந்த ஆண்களுக்கு வேலையே வரவில்லை. சன்னாசி டிராக்டரை அணைத்துவிட்டுக் கைதட்டினார். பாவாடையில் சேறு பட்டதென்று அபிராமியின் அம்மா ஓரத்திலிருந்து கூப்பிட்டார். அபிராமி கயிற்றை விடவில்லை.

கோயில் வாசலில் தங்கராஜு மைக்கைப் பிடித்தார். இந்த ஆண்டு தம் குழு தீட்டிய புதிய திட்டத்தை நீளமாக விளக்கினார். அந்தத் திட்டத்தைத் தீட்டியவள் உள்ளங்கை இரண்டும் சிவந்து, தலை நிமிர்ந்து, மோர் வாங்க வரிசையில் நின்றாள். அவளுக்குப் பின்னால் அபிராமி நின்றாள்.

அபிராமியின் அம்மா அங்கே வந்து, கூடாரத்தில் நாற்காலி போட்டிருப்பதாகச் சொல்லி அவளை அழைத்தார்.

"நீங்க போங்கம்மா," என்றாள் அபிராமி. "நான் என் கூட்டாளியோட சாப்பிட்டு வரேன்."

ரோகினி மோரைக் குடித்த வேகத்தில் சமையல் கொட்டகைக்கு ஓடினாள். அங்கே அவள் அம்மா காலையிலிருந்து சாம்பார் கிண்டிக்கொண்டிருந்தார். வெளியே நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. அம்மாவிடம் சொல்ல ரோகினிக்கு இரண்டு செய்திகள் இருந்தன. ரதம் நேராக வந்தது என்பது அதில் சின்னச் செய்தி.