இருபத்து மூன்றாம் கட்டில்

ராயம்மாள் என்று ஆங்கில எழுத்தில் தட்டினால் திரையில் ‘நோ’ என்றுதான் வந்திருக்க வேண்டும். ‘யெஸ்’ என்று வந்தது.

ரோசம்மா விசைகளிலிருந்து கையை எடுத்துவிட்டாள். மழை விட்டு வெகு நேரமாகியும் எங்கோ நீர் சொட்டும் சத்தம் மட்டும் நிற்கவில்லை. கம்ப்யூட்டர் பெட்டியின் சூடும், நனைந்த சுண்ணாம்புச் சுவரின் வாடையும், பென்னாகரம் பஸ் விட்டுப்போன டீசல் புகையும் சேர்ந்து அந்தச் சின்ன அறையில் மூச்சை முட்டின. கம்ப்யூட்டர் சொல்லித்தரும் பிலவேந்திரன் சார் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார். விடுதிப் பெண்கள் எல்லோரும் கோயிலில் ஜெபமாலைக்கு உட்கார்ந்திருந்தார்கள்.

விடுதிக்காக அவளே எழுதிய புரோகிராம் அது. நாற்பது கட்டில், ஒரு நம்பருக்கு ஒரே ஒரு பெயர். நம்பரைக் கொடுத்தால் பெயர் உடனே வந்து நிற்கும். பெயரைக் கொடுத்து, இருக்கிறாளா என்று கேட்டால்தான் பாடு. ஒன்றிலிருந்து நாற்பது வரை ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துக்கொண்டே போகும்.

“ராத்திரியில ஒரு புள்ளையத் தேடி கட்டிலு கட்டிலா டார்ச் அடிக்கறாப்பல,” என்று பிலவேந்திரன் சார் சொன்னபோது, ரோசம்மாவின் தங்கை ராயம்மாள்தான் முதலில் சிரித்தாள். “எங்கக்கா கட்டில்ல அடிங்க சார். எனக்குப் பயம் வந்தா அங்கதான் இருப்பேன்.”

ஆடி மாதம் ஒகேனக்கல்லில் பரிசல் கவிழ்ந்தது. மற்ற எல்லோரும் கரையேறினார்கள். ராயி மட்டும் உடம்பாகக்கூடக் கிடைக்கவில்லை.

நாளை கல்லறைத் திருநாள். மத்தியானம் பொம்மிடியிலிருந்து வந்திருந்த அம்மா, மடியில் மெழுகுவத்திப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“எல்லாரும் அவங்கவங்க குழி மேல பத்த வெப்பாங்க. நா எங்கடி பத்த வெக்கறது? எங்கனாச்சும் இருக்காளாடி அவ?”

அம்மா ஒரு மெழுகுவத்தியையும் தீப்பெட்டியையும் ரோசம்மாவின் கையில் திணித்துவிட்டு பஸ் ஏறிவிட்டாள். அந்தக் கேள்வியைத்தான் இப்போது பெட்டியிடம் கேட்டிருந்தாள்.

ராயியின் கட்டில் பதினேழு. அதில் படுக்க யாருக்கும் மனம் ஒப்பவில்லை. அந்த இடத்திலிருந்து பெயரை அழித்தவளும் ரோசம்மாதான். பதினேழைக் கேட்டுப் பார்த்தாள். காலி.

மறுபடியும் பெயரைத் தட்டினாள்.

யெஸ்.

எந்தக் கட்டில் என்று காட்ட ஒரு வரி சேர்த்தாள். ஓடவிட்டாள்.

இருபத்து மூன்று.

அது அவளுடைய கட்டில்.

ஒரு நம்பருக்கு ஒரே ஒரு பெயர். அப்படியானால்?

தன் பெயரைத் தட்டினாள். ரோசம்மா. பெட்டி ஒன்றிலிருந்து நாற்பது வரை அவளைத் தேடியது.

நோ.

கரண்ட் போனது. திரை சுருங்கி ஒரு புள்ளியாகி, அதுவும் அணைந்தது. இருட்டில் பாசி வாடை அடித்தது. ஆற்று மணல். சொட்டும் சத்தம் கூரையிலிருந்து வரவில்லை. விடுதிப் பக்கமிருந்து வந்தது.

மெழுகுவத்தியைப் பற்றவைத்துக்கொண்டு நடந்தாள். கோயிலிலிருந்து “அருள் நிறைந்த மரியே” என்று விடுதிப் பெண்களின் குரல்கள் ஒன்றாகக் கேட்டன. விடுதியில் யாரும் இல்லை. ஒவ்வொரு கட்டிலாகத் தாண்டினாள். காலி. காலி. பதினேழு. காலி.

இருபத்து மூன்று.

மெத்தையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. போர்வைக்கடியில், சுவரோரமாக, சின்னதாகச் சுருண்ட ஓர் உருவம். பாதிக் கட்டிலை விட்டுவைத்து. எப்போதும் போல.

அம்மாவின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. தலைமாட்டுக் கம்பிக்குப் பக்கத்தில் மெழுகை உருக்கி மெழுகுவத்தியை நட்டாள்.

சுடர் அசையாமல் நின்றது.

“யக்கா.”

போர்வையின் ஓரம் உள்ளேயிருந்து மெல்ல உயர்ந்தது. அவள் வந்து படுப்பதற்காக.